கடைசிக் கட்டு எது?

பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதியைக் காணவில்லை என்று சொல்வதற்காகத்தான் சுந்தரராமன் அந்தத் திங்கட்கிழமை காலை மந்தைவெளியிலிருந்து அடையாறு வரை சைக்கிள் மிதித்து வந்திருந்தார். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் அவர். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் காகிதத்தை ஜெயபாரதியின் மேஜைமேல் விரித்து, மசி படிந்த விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பாரும்மா. பிப்ரவரி இருபத்தெட்டு, சனிக்கிழமை. அடுத்த வரியே மார்ச் ஒண்ணு, ஞாயித்துக்கிழமை. வரப்போற எழுபத்தாறு லீப் வருஷம் இல்லையோ? எனக்குத்தான் கண் சரியில்லையோன்னு ரெண்டு தரம் பாத்தேன்."

ஜெயபாரதி குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். ஒரு நாள் விழுந்துவிட்டதால் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை எல்லாக் கிழமையும் ஒன்று பின்தங்கியிருந்தது.

"இது எப்படி சார்? இதை நான் போன மாசமே சரி பண்ணிட்டேனே."

"சரி பண்ணினதைத்தான் எனக்கு அனுப்பியிருப்பேள்னு நெனச்சேன்" என்றார் சுந்தரராமன். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே அவளுக்கு முகம் சுட்டது.

சரிசெய்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. செப்டம்பர் கடைசி வாரம். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் துளை அட்டைகள், புதிதாக மூன்று. நான்கால் வகுபடும் ஆண்டா என்று பார்த்து, பிப்ரவரிக்கு ஒரு நாள் கூட்டும் மூன்று வரிகள். முடித்துவிட்டுத் தெருமுனைக் கடையில் காபி குடித்ததுகூட நினைவிருந்தது. ஆனால் காகிதம் வேறு சொல்லியது. தான் செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பதைச் செய்யவே இல்லையோ என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றியது.

அவள் வேலை பார்த்தது ராஜகோபாலன் என்பவர் நடத்திய கணிப்பு நிலையத்தில். ஒரு பழைய பங்களாவின் கீழ்த்தளத்தில், குளிர்சாதன அறையில், கப்பலில் வந்து இறங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஜெயபாரதி கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்து அங்கே சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவளோடு சேர்ந்தவன் சந்திரமௌலி, மயிலாப்பூர் மாடவீதிக்காரன். இருவரும் புரோகிராம் எழுதுவதில் புதியவர்கள். தாளில் எழுதிக் கொடுத்தால், ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று துளைபோட்டுத் தருவாள் பஞ்ச் ஆபரேட்டர் தேவானை. அட்டைகளை வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டால் அது ஒரு கட்டு. கட்டைக் கம்ப்யூட்டரில் செலுத்தினால் பதில் நீளக் காகிதத்தில் அச்சாகி வரும். காலண்டர் புரோகிராம் மொத்தம் இருநூற்று நாற்பது அட்டை.

காலண்டர் வேலையைக் கொண்டுவந்ததே ஜெயபாரதியின் பெரியப்பாதான். கணேசமூர்த்திக்குத் தியாகராய நகரில் பனகல் பூங்கா அருகே ஜவுளிக்கடை. வருடாவருடம் வாடிக்கையாளர்களுக்குத் தினசரிக் காலண்டர் கொடுப்பார். இந்த வருடம், "நம்ம பிள்ளை கம்ப்யூட்டர்ல போட்ட காலண்டர்" என்று கடையில் போர்டே எழுதி மாட்டிவிட்டார். பஞ்சாங்கக்காரர் ஒருவர் கொடுத்த அட்டவணையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் நான்கையும் எண்ணாக அச்சடித்துத் தரவேண்டும். அதைப் பார்த்துச் சுந்தரராமன் தமிழில் எழுத்துக் கோப்பார். தீபாவளிக் கூட்டத்திலேயே காலண்டரைக் கொடுத்துவிட வேண்டும் என்பது பெரியப்பாவின் ஆசை. தீபாவளிக்கு இன்னும் பதின்மூன்றே நாள் இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான காகிதம் வந்தா முடிச்சுடலாம். ஜனவரியும் பிப்ரவரியும் கோத்தாச்சு. மார்ச்சைத் தொடலை" என்று சொல்லிவிட்டுச் சுந்தரராமன் போனார்.

அவர் போனதும் ஜெயபாரதி சந்திரமௌலியைப் பிடித்தாள்.

"போன வாரம் நான் காய்ச்சல்ல கிடந்தப்ப அச்சகத்துக்கு எந்தக் கட்டை ஓட்டி அனுப்பினீங்க?"

"கடைசிக் கட்டைத்தான்" என்றான் அவன். "கட்டு மேலேயே எழுதியிருக்கே, கடைசின்னு."

இரும்பு பீரோவைத் திறந்தார்கள். காலண்டர் தட்டில் மூன்று கட்டுகள் இருந்தன. ஒன்றின்மேல் 'புதுசு' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் 'மிகப் புதுசு'. இரண்டும் ஜெயபாரதியின் கையெழுத்து. மூன்றாவதில் 'கடைசி' என்று சந்திரமௌலியின் சாய்ந்த எழுத்து.

"மிகப் புதுசுன்னு எழுதியிருக்கேனே, அதைப் பார்க்கலையா?"

"பாத்தேன். மிகப் புதுசைவிடக் கடைசி கடைசிதானே?"

அவள் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கட்டிலும் தேதி இல்லை. முதலில் எழுதிய மூலக் கட்டையும் காணோம். அதிலிருந்து அட்டைகளை உருவித்தான் மற்றவை உருவாயின என்று மட்டும் இருவருக்கும் மங்கலாக ஞாபகம் இருந்தது. எதிலிருந்து எது வந்தது என்று கேட்டால் இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். புதுசிலிருந்துதான் கடைசி வந்தது என்றான் அவன். கடைசி என்று ஒரு கட்டு இருப்பதே இன்றுதான் தெரியும் என்றாள் இவள்.

"மூணையும் ஓட்டிப் பாத்துடலாம்" என்றான் சந்திரமௌலி.

சோதனை ஓட்டத்துக்கு அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது தினமும் பிற்பகல் இரண்டிலிருந்து மூன்று வரை. செவ்வாய்க்கிழமை மூன்று கட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினார்கள். மூன்று காகிதங்கள் வந்தன. மூன்றிலும் தவறு இருந்தது. ஒன்றில் இருந்த தவறு மற்றொன்றில் இல்லை.

'கடைசி'யில் பிப்ரவரி இருபத்தொன்பது இல்லை. நட்சத்திரமெல்லாம் ஒழுங்காக இருந்தது. 'புதுசி'ல் பிப்ரவரி இருபத்தொன்பது இருந்தது, ஞாயிறு, அமாவாசை என்று பஞ்சாங்கத்தில் உள்ளபடியே. ஆனால் இருபத்தேழாவது நட்சத்திரமான ரேவதிக்குப் பிறகு இருபத்தெட்டு என்று ஓர் எண் வந்தது.

"இருபத்தெட்டாவது நட்சத்திரம் எது?" என்றாள்.

"ஆகாசத்துல இல்லை. நம்ம புரோகிராம்லதான் இருக்கு."

'மிகப் புதுசை'ப் பார்த்தார்கள். பிப்ரவரி சரியாக இருந்தது. இருபத்தெட்டு என்ற எண்ணும் இல்லை. ஜெயபாரதிக்கு மூச்சு வந்தது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, ராஜகோபாலனிடம் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, பஸ் ஏறித் தியாகராய நகருக்குப் போனாள். பெரியப்பா ஒருமுறை பார்த்துவிட்டால் நேரே அச்சகத்தில் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

கடையில் தீபாவளிக் கூட்டம். கணேசமூர்த்தி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புடவைகளை ஒதுக்கிவிட்டுக் காகிதத்தைப் பரப்பினார். பஞ்சாங்கம் பார்ப்பதில் அவர் சூரர். நட்சத்திர எண்களை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே போனார். ஜனவரி முடிந்தது. பிப்ரவரி முடிந்தது. விரல் வேகமாக நகர்ந்து டிசம்பருக்கு வந்து, மறுபடி ஜனவரிக்குத் திரும்பியது.

"என்னம்மா பாரதி, இதுல என் நட்சத்திரத்தையே காணுமே."

"எது பெரியப்பா?"

"அசுபதி. ரேவதி வருது, அதுக்கடுத்தாப்ல பரணிக்குத் தாவிட்டு. ஒரு மாசம்னாலும் பரவால்ல, பஞ்சாங்கத்துல அப்படி எப்பவாச்சும் ஒண்ணு விழும். வருசம் பூராவும் தேடிட்டேன். ஒரு நாளு கூட அசுபதி இல்ல. நான் எப்படிம்மா பொறந்தநாளு அர்ச்சனை பண்ண?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"முன்னால ஒண்ணு கொண்டாந்து காமிச்சியே, ஆயுத பூசைக்கு முந்தி. அதுல எல்லாம் சரியாத்தான இருந்துச்சு? நான் ஒவ்வொண்ணாப் பாத்துல்லா கையெழுத்துப் போட்டேன். அதையே போடச் சொல்லு."

அதையே. அந்தச் சொல் அவளை அப்படியே நிறுத்தியது. உண்மைதான். அக்டோபர் பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை, பிழையே இல்லாத ஒரு காகிதம் வந்தது. அதைத்தான் பெரியப்பாவிடம் காட்டினாள். அது எந்தக் கட்டிலிருந்து வந்தது? 'மிகப் புதுசி'லிருந்துதான் என்று சத்தியம் செய்வாள். ஆனால் 'மிகப் புதுசு' இன்று அசுபதி என்கிற அசுவினியை விழுங்கியிருக்கிறது.

"அந்தக் காகிதம் இருக்கா பெரியப்பா?"

கணேசமூர்த்தி கொஞ்சம் தயங்கினார். மேஜை இழுப்பறையைத் திறந்து துழாவி நான்கைந்து தாள்களை எடுத்தார். மே, ஜூன், ஜூலை. பின்பக்கம் பென்சிலால் ஜாக்கெட் அளவுகள் எழுதியிருந்தன.

"பின்னால வெள்ளையா இருந்துச்சா, தையல்காரர் கிழிச்சு எடுத்துக்கிட்டாரு. நீதான் இன்னொண்ணு போட்டுக்கிடுவன்னு நெனச்சேன். அன்னைக்குச் சரியா இருந்தது இன்னைக்கு எப்படிம்மா தப்பாவும்? ஓலையா, கரையான் அரிக்க?"

அவள் அந்த மூன்று மாதத் தாள்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தாள். ரேவதி, அசுவினி, பரணி. கிழமையும் சரி. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அப்புறம் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். அது தானாகவே இருக்குமோ என்ற பயம் ஒரு பக்கம். இல்லை, மௌலிதான் என்ற கோபம் ஒரு பக்கம். சைதாப்பேட்டை தாண்டுவதற்குள் கோபம் ஜெயித்துவிட்டது.

"என்னோட கட்டைத் தொட்டீங்களா?" என்று அறைக்குள் நுழைந்ததுமே கேட்டாள்.

சந்திரமௌலி நிமிர்ந்தான். "எந்தக் கட்டை?"

"மிகப் புதுசு. பத்தாம் தேதி அது சரியா இருந்தது. அதுக்கப்புறம் நான் தொடவே இல்லை."

"நானும் தொடலையே. நான் எதுக்கு உங்க கட்டைத் தொடணும்? எங்கிட்டதான் என்னோடது இருக்கே."

"அப்ப அட்டை தானா மாறிடுச்சா?"

"உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததோன்னோ. அதுக்கு முன்னாடியே தலைவலின்னு சொல்லிண்டிருந்தேள். நீங்களே ஏதாவது மாத்திட்டு மறந்துட்டேளோ என்னவோ."

அவன் வேண்டுமென்றே குத்தவில்லை. ஆனால் அவள் தனக்குள் பயந்துகொண்டிருந்ததை வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அவள் கட்டை எடுத்துக்கொண்டு எதிர் மூலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை மழை கொட்டியது. தேவானை வேலைக்கு வரவில்லை. அவள் வீடு வேளச்சேரியில். ஏரி நிரம்பிச் சாலைமேல் தண்ணீர் ஓடுகிறதாம். அவளிடம் ஏதாவது கேட்கலாம் என்றுகூட ஜெயபாரதிக்கு அப்போது தோன்றவில்லை. பஞ்ச் ஆபரேட்டர் எழுதிக் கொடுத்ததை அடிக்கிறவள், அவ்வளவுதான் என்ற எண்ணம். பஞ்ச் இயந்திரத்தில் தானே உட்கார்ந்தாள்.

பின்னால் நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தை எண்ணி அவள் வெட்கப்பட்டாள். நட்சத்திரம் வரும் இடத்தில் எதுவெல்லாம் சந்தேகமாகத் தோன்றியதோ அதையெல்லாம் மாற்றினாள். ஓர் அட்டையை எடுத்தாள். இரண்டைச் சேர்த்தாள். ஓடவில்லை. எடுத்ததைத் திரும்பச் செருகி, வேறு ஐந்தை மாற்றினாள். எடுத்தது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. கழித்த அட்டைகளைக் குப்பைக் கூடையில் போட்டாள். மூன்று மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்த காகிதத்தில், ஒரு வாரத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை இருந்தது.

நட்சத்திரத்தைத் தொட்டவளுக்குக் கிழமை எப்படிக் கெட்டது என்று புரியவில்லை. காலையில் இருந்த நிலைக்காவது திரும்பிவிடலாம் என்று பார்த்தால், காலையில் என்ன நிலை என்பதே மறந்துவிட்டது. நேற்று அதில் அசுவினி மட்டும்தான் இல்லாமல் இருந்தது. இப்போது அந்தக் கட்டும் போயிற்று. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ராஜகோபாலன் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை தேவானை வந்தாள். முழங்கால்வரை புடவை நனைந்திருந்தது. முறுக்கிப் பிழிந்துகொண்டே, அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தாள்.

"இன்னா சார், ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீறீங்க?"

சந்திரமௌலி சுருக்கமாகச் சொன்னான். அவள் 'மிகப் புதுசு' கட்டை வாங்கி, பக்கவாட்டில் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இத பாரு. அந்தப் பழைய பெட்டி கார்டெல்லாம் உப்புக் காத்துல பழுப்பாய்ச்சு. ஆயுத பூஜைக்கு ரெண்டு நாளு முன்ன புதுப் பெட்டி ஒட்ச்சேன். புதுக் கார்டு வெள்ளையா கீது. நடுவுல தெர்து பாரு, வெள்ளக் கோடாட்டம். ஒண்ணு, ரெண்டு..." எண்ணினாள். "ஒம்போது கீது. எனக்குத் தெர்ஞ்சு ரெண்டுதான் இருக்கணும்."

"ஏழு நான் நேத்து போட்டது" என்றாள் ஜெயபாரதி தாழ்ந்த குரலில். "அந்த ரெண்டு யாரு போட்டது?"

தேவானை சந்திரமௌலியைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா சார் கம்முனு நிக்கிற? நீதான சார். சனிக்கெழம, ஆத்துல கொலு, மாமி திட்டுவாங்க, பஸ்ஸு போய்டும்னு குதிச்சிக்கினு இருந்தியே. உன் கட்டுல இருந்து ரெண்டு கார்டக் காட்டி, இதே மாதிரி ரெண்டு அடிச்சிக் குடு தேவான, பாரதிம்மா கட்டுலயும் சொருகிடறேன், பாவம் அதுக்கு நச்சத்திரம் தப்பா வருதுன்னு சொன்ன. நானும் அட்ச்சிக் குட்த்தேன்."

சந்திரமௌலியின் முகம் மெல்ல மாறியது.

"ஆமாம்" என்றான். "ஆமாம், சொருகினேன். பகவானே, சுத்தமா மறந்தே போயிட்டேன். நீங்க நட்சத்திரத்தைத் திருத்தலைன்னு நெனச்சு..."

"நான் வியாழக்கிழமையே திருத்திட்டேன். என் வழியில."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீங்களும் சொல்லலையே."

ரேவதியைத் தாண்டியதும் எண்ணை முதலுக்குத் திருப்ப வேண்டும். அதை அவள் ஒரு வரியில் செய்திருந்தாள். அவன் வேறொரு இடத்தில் இரண்டு வரியில் செய்திருந்தான். தனித்தனியே இரண்டும் சரி. ஒரே கட்டில் இரண்டும் சேர்ந்ததும், ஒன்று திருப்பியதை மற்றது மறுபடி தள்ளிவிட்டு அசுவினியைத் தாண்டிப் போய்விட்டது. அவன் உதவி செய்ய நினைத்துத்தான் செருகியிருக்கிறான். அதனால் அவளால் கோபத்தைத் தொடரவும் முடியவில்லை, சட்டென்று விடவும் முடியவில்லை.

"சரி, அந்த ரெண்டு வெள்ளை அட்டையை உருவிட்டாப் போறும்" என்றான் அவன்.

"எந்த ரெண்டு? ஒன்பது இருக்கு. பழுப்பு அட்டையில எதை எடுத்தேன், எதை இடம் மாத்திச் சொருகினேன்னு எனக்கே தெரியாது."

கூடையைப் பார்த்தார்கள். முதல்நாள் குப்பை போய்விட்டிருந்தது.

கடைசியில் செய்ய வேண்டியிருந்தது அலுப்பான வேலை. புரோகிராம் ஓட்டத்தை விட்டுவிட்டு, மூன்று கட்டுகளின் அட்டைகளில் இருப்பதை, தனியாக இருந்த பட்டியல் இயந்திரத்தில் அப்படியே வரிவரியாக அச்சடித்து எடுத்தார்கள். இதை ஒருமுறைகூடச் செய்து வைக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. முடிவு அச்சான காகிதங்களைப் பத்திரப்படுத்தியவர்கள், புரோகிராமின் பிரதியை வைத்துக்கொள்ள நினைக்கவில்லை. மூன்று நீளக் காகிதங்களையும் வராந்தாத் தரையில் பக்கம் பக்கமாக விரித்து, ஓரங்களில் செருப்பை வைத்து அழுத்திவிட்டு, சிவப்புப் பென்சிலோடு மண்டியிட்டார்கள். தேவானை நடுக் காகிதத்தைப் படிக்க, மற்ற இருவரும் தங்கள் தங்கள் காகிதத்தில் ஒத்துப் பார்த்தார்கள். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்கோ. எங்கிட்ட அது இல்லை."

"எந்த வரி?"

"நூத்தி... இருங்கோ, எண்றேன்."

அட்டைகளில் வரிசை எண் இல்லாததால் ஒவ்வொரு முறையும் மேலிருந்து எண்ண வேண்டியிருந்தது. எண்ணும்போதே தப்பும். பதினொரு மணிக்குள் அறுபது வரிகூடத் தாண்டவில்லை. ஜெயபாரதி ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்து, வேறுபடும் வரி ஒவ்வொன்றையும் எழுதினாள். என்ன வேறுபாடு என்று எழுதுவது எளிதாக இருந்தது. யார் மாற்றியது என்பதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஏன் மாற்றியது என்று எழுதப் போனால், முதல்நாள் தானே செய்த ஏழு மாற்றங்களில் நான்குக்குக் காரணம் தெரியவில்லை.

பதினேழு வேறுபாடுகள் கிடைத்தன. பதினாறுக்கு ஆள் தெரிந்தது. 'கடைசி' கட்டில் மட்டும் இருந்த ஒரு பழுப்பு அட்டைக்கு மட்டும் இருவருமே சொந்தம் கொண்டாடவில்லை.

"இது உங்க கட்டு" என்றாள் ஜெயபாரதி.

"கட்டு என்னுது. ஆனா இதை நான் எழுதலை. எழுதியிருந்தா இப்படி எழுத மாட்டேன்."

"தேவானை?"

"எனக்கு இன்னாத்துக்கு? எழுதிக் குட்த்தா அடிப்பேன்."

மணி ஒன்றே முக்கால். சந்திரமௌலி 'மிகப் புதுசை'ப் பழுதுபார்க்கலாம் என்றான். ஜெயபாரதி வேண்டாம் என்றாள். எதைத் தொட்டோம் என்று தெரியாத கட்டை இனி நம்ப முடியாது. 'கடைசி'யில் ஒரே ஒரு தவறுதான், அது என்னவென்றும் தெரியும். அதைத் தொடாமல் தேவானையிடம் கொடுத்து நகல் இயந்திரத்தில் முழுவதையும் நகல் எடுக்கச் சொன்னாள். நகலில்தான் கை வைப்பது. இரண்டு மணிக்கு முதலில் நகலை அப்படியே ஓட்டினார்கள். 'கடைசி'யில் வந்தது போலவே வந்தது, பிப்ரவரி இருபத்தொன்பது இல்லாமல். தவறான காகிதத்தைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தன் மூன்று லீப் வருட அட்டைகளை மட்டும் சேர்த்தாள். வேறு எதையும் தொடவில்லை. அந்தச் சொந்தமில்லாத அட்டையை எடுத்துவிடலாம் என்று சந்திரமௌலி கை நீட்டியபோது தடுத்தாள்.

"இப்ப வேண்டாம். ஒரு தடவைக்கு ஒண்ணு."

காகிதம் வந்தது. பிப்ரவரி இருபத்தொன்பது, ஞாயிறு. மார்ச் ஒன்று, திங்கள். ரேவதிக்கு அடுத்து அசுவினி. பெரியப்பா கொடுத்த மூன்று மாதத் தாள்களை எடுத்து, ஜாக்கெட் அளவுகளை உள்பக்கமாக மடித்துவைத்துக்கொண்டு, நாள் நாளாக ஒத்துப் பார்த்தார்கள். எல்லாம் பொருந்தியது. சந்திரமௌலி "அப்பாடா" என்றான். ஜெயபாரதிக்கு அந்த நிம்மதி வரவில்லை. அந்தப் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் சரியாக இருந்தது என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. அங்கேயே, அப்போதே, கட்டை நகல் எடுக்கச் சொல்லி, வரிவரியான பிரதியையும் அச்சடித்து, இரண்டிலும் 23-10-75 என்று தேதி போட்டாள். 'கடைசி' என்றோ 'புதுசு' என்றோ எழுதவில்லை. நகலைத் தேவானை தன் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் அந்த மர்ம அட்டையை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை. நோட்டில் ஜெயபாரதி இப்படி எழுதினாள்: 'ஓர் அட்டை. யார் போட்டது, ஏன் என்று தெரியவில்லை. எடுத்தால் மாற்றம் இல்லை. இருந்தாலும் திரும்ப வைத்துவிட்டோம்.'

மறுநாள் காகிதம் மந்தைவெளிக்குப் போனது. சுந்தரராமன் பிப்ரவரி இருபத்தொன்பதைச் சேர்த்துவிட்டு மார்ச்சிலிருந்து கோக்கத் தொடங்கினார். காலண்டர் தீபாவளிக்கு முதல்நாள் கடைக்கு வந்தது. பெரியப்பா நினைத்ததைவிட இரண்டு நாள் தாமதம். ஆனாலும் அவர் கட்டைப் பிரித்து முதலில் அசுபதியைத் தேடிப் பார்த்துவிட்டு, திருப்தியாக ஆணியில் மாட்டினார். நடந்ததை அவள் சொன்னபோது அவருக்குப் பாதிதான் புரிந்தது.

"ரெண்டு பேரு ஒரே துணிய ஆளுக்கொரு பக்கமா வெட்டிட்டிய. அதான?"

"கிட்டத்தட்ட அப்படித்தான் பெரியப்பா" என்றாள். அது அவ்வளவு சரியான உவமை இல்லை என்று தோன்றியது.

ராஜகோபாலன் இருவரையும் அழைத்து என்ன நடந்தது என்று கேட்டார். சந்திரமௌலி ஒரு வரிசையில் சொன்னான், ஜெயபாரதி வேறொரு வரிசையில் சொன்னாள். அவர் இரண்டையும் கேட்டுவிட்டு, "இதுல எது முதல்ல நடந்தது?" என்றார். இருவரும் நோட்டைப் புரட்டினார்கள். செப்டம்பரில் நடந்ததற்கு எங்கேயும் எழுத்து இல்லை. அவர் பெருமூச்சு விட்டு, அந்த நோட்டைத் தொடர்ந்து எழுதச் சொன்னார். அட்டைகளுக்கு வரிசை எண் போடும்படி தேவானையிடமும் சொன்னார்.

தீபாவளி கழிந்து அடுத்த வாரம், ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பு அட்டவணை வேலை வந்தது. காலண்டர் கட்டில் கிழமை கண்டுபிடிக்கும் பகுதியை அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சந்திரமௌலிக்குத் தோன்றியது. தேவானையிடம் போய்க் கேட்டான்.

"நகல் அடிச்சித் தர்றேன் சார். முன்ன நோட்டுல எழுது."

"எழுதறேன் தேவானை. முதல்ல குடு, பாத்துட்டு எழுதறேன்."

"அதெல்லாம் கெடையாது. எழுதிட்டு வா. நான் இங்கதான் குந்திக்கினு கீறேன்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே ஜெயபாரதியின் மேஜைக்கு வந்து நோட்டைப் பிரித்தான். தேதி எழுதினான். பெயர் எழுதினான். எந்த வரிகளை எடுக்கப்போகிறான் என்று எழுதினான். அதற்கு அடுத்த கட்டத்தில் அவள் 'ஏன்?' என்று தலைப்புப் போட்டிருந்தாள்.

"இதுல என்ன எழுதறது?" என்று கேட்டான்.

"ஏன் எடுக்கறீங்களோ அதை."

"தேவைப்படறது, அதான் எடுக்கறேன்."

"எதுக்குத் தேவைப்படறது?"

அவன் பேனாவை உதட்டில் தட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வகுப்பு அட்டவணைக்கு ஆண்டு முழுவதற்கும் கிழமை வேண்டுமா, இல்லை ஒரு வாரத்துக்கு இருந்தால் போதுமா என்று அவன் இன்னும் யோசித்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.